மீட்டரில் எல்லாம் சரி, இயர்போன் மாட்டினால் கரகரப்பு: சிமோய் ஆம்ப்ளிஃபையரில் எங்கே பார்ப்பது?

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிவிடுகிறேன். புதினா மிட்டாய் டப்பாவுக்குள் டாட் போர்டில் (துளைகள் நிறைந்த பொதுப் போர்டு) சிமோய் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் கட்டியிருக்கிறீர்கள். அதற்கான ஓபிஏ2134 ஐசி கிடைக்கவில்லை என்று கடையில் கொடுத்த என்இ5532-ஐப் போட்டிருக்கிறீர்கள். 9 வோல்ட் பேட்டரி. மீட்டரில் பிளஸ் 4.5, மைனஸ் 4.5 என்று சரியாகவே காட்டுகிறது. ஆனால் 32 ஓம் இயர்போனை மாட்டிப் பாட்டுப் போட்டால், வால்யூம் குறைவாக இருக்கும்போதே சத்தம் உடைகிறது. ஐசியை மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. பேட்டரியும் ஒரு நாளைத் தாண்டுவதில்லை. எல்இடிக்கு 470 ஓம் போட்டிருக்கிறீர்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஐசி கெட்டுப்போகவில்லை, அந்தச் சர்க்யூட்டுக்குப் பொருந்தவில்லை. இயர்போன் மாட்டிய அந்த நொடியிலேயே உங்கள் கிரவுண்ட் இடம் மாறிவிடுகிறது. பேட்டரியை அதிகம் தின்பது எல்இடி. இரண்டுமே சரிசெய்யக்கூடியவை, அதுவும் சில்லறைச் செலவில்.

கரகரப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், விஷயம் அங்கேதான் இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் சூ மோய் என்பவர் வெளியிட்ட இந்த டிசைன் இத்தனை பேரைக் கட்டவைத்ததற்குக் காரணம் அதன் எளிமை. ஒரே பேட்டரி, ஒரே ஐசி, கையளவு ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். ஆனால் ஆப்-ஆம்புக்கு (சிக்னலைப் பெருக்கும் அந்த ஐசிக்கு) பிளஸ், மைனஸ், நடுவில் ஒரு கிரவுண்ட் என்று மூன்று வேண்டும். பேட்டரியில் இருப்பதோ இரண்டு முனை. அதனால் இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டு, அவை சேரும் நடுப்புள்ளியையே கிரவுண்டாக வைத்துக்கொள்கிறோம். விர்ச்சுவல் கிரவுண்ட் என்பது இதுதான். பக்கத்தில் இரண்டு 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இருக்கும். பாட்டின் ஏசி மின்னோட்டத்தை அவை தாங்கிக்கொள்ளும். டிசி மின்னோட்டம் வந்தால் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது, சுமை முழுக்க ரெசிஸ்டர்கள் மேல்தான் விழும்.

இனி கணக்கு. இரண்டு 4.7 கிலோ ஓமும் நடுப்புள்ளியிலிருந்து பார்த்தால் இணையாக நிற்கின்றன, அதாவது 2.35 கிலோ ஓம். அந்தப் புள்ளியில் 1 மில்லியாம்பியர் டிசி பாய்ந்தாலே கிரவுண்ட் 2.35 வோல்ட் நகர்ந்துவிடும். மொத்தம் இருப்பதே ஒரு பக்கத்துக்கு 4.5 வோல்ட். சின்ன எறும்பு ஏறினாலும் சாய்கிற தராசு இது.

அந்த டிசி எங்கிருந்து வருகிறது? என்இ5532 பைபோலார் உள்ளீடு கொண்ட ஐசி. அதன் இன்புட் கால் ஒவ்வொன்றும் சராசரியாக 200 நானோஆம்பியர் இழுக்கும், 800 வரை போகலாம் என்று தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டே சொல்கிறது. அந்த மின்னோட்டம் உங்கள் 100 கிலோ ஓம் இன்புட் ரெசிஸ்டர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். 200 நானோஆம்பியரை 100 கிலோ ஓமால் பெருக்கினால் 20 மில்லிவோல்ட். சிமோயின் கெய்ன், அதாவது பெருக்கும் மடங்கு, 11 (10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ஜோடி), அது டிசிக்கும் பொருந்தும். ஆக அவுட்புட்டில் சுமார் 220 மில்லிவோல்ட் டிசி நிற்கிறது. இயர்போன் இல்லாதபோது அதற்குப் போக வழியில்லை, எனவே மீட்டரில் பிளஸ் 4.5, மைனஸ் 4.5 ஒழுங்காகத் தெரிகிறது. 32 ஓமை மாட்டியதும் ஒரு சேனலில் கிட்டத்தட்ட 7 மில்லியாம்பியர், இரண்டு சேனலும் ஒரே திசையில் 14 மில்லியாம்பியர் பாயப் பார்க்கும். 2.35 கிலோ ஓமால் அதைக் கொடுக்க முடியுமா? முடியாது. கிரவுண்ட் அப்படியே மைனஸ் முனையை நோக்கிச் சரிந்து, ஐசி வேலை செய்ய இடமில்லாத மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு மெதுவாகப் பாட்டை வைத்தாலும் உடையத்தான் செய்யும். ஐசியை மாற்றிப் பலனில்லாமல் போனதும் இதனால்தான். புதிதாகப் போட்டதும் இன்னொரு 5532தானே.

ஓபிஏ2134-இல் இந்தத் தொல்லை ஏன் இல்லை? அதன் உள்ளீடு எஃப்இடி வகை, இழுப்பது பிகோஆம்பியர் கணக்கில். 100 கிலோ ஓமில் அது கணக்கிலேயே வராது. அதற்கும் அரை மில்லிவோல்ட் அளவு ஆஃப்செட் (பாட்டே இல்லாதபோதும் நிற்கும் டிசி பிழை) உண்டு. 11 மடங்கானால் 5.5 மில்லிவோல்ட், 32 ஓமில் 0.17 மில்லியாம்பியர், கிரவுண்ட் 0.4 வோல்ட் நகரும். அதாவது சரியான ஐசி போட்டாலும் இயர்போன் மாட்டியதும் கிரவுண்ட் கொஞ்சம் அசையும். அரை வோல்ட் வரை நான் கண்டுகொள்ள மாட்டேன். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் காரணம் தேடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்இ5532-இன் டேட்டாஷீட்டில் குறைந்தபட்ச சப்ளை பிளஸ்-மைனஸ் 5 வோல்ட், மொத்தம் 10. புது 9 வோல்ட் பேட்டரியே அதை எட்டாது. ஓபிஏ2134 பிளஸ்-மைனஸ் 2.5 வரை இறங்கி வேலை செய்யும். 5532 நல்ல ஐசிதான், எத்தனையோ ஆடியோ மிக்ஸர்களில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அங்கே பிளஸ்-மைனஸ் 15 வோல்ட்டும் உண்மையான கிரவுண்டும் அதற்கு இருக்கும்.

நான் சொல்வதை நம்பி உடனே சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டாம், அளந்து பாருங்கள். நல்ல இயர்போனை ஓரமாக வையுங்கள். ஒரு 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் இரண்டு 33 ஓம் ரெசிஸ்டர்களை (லெஃப்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒன்று, ரைட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒன்று) பற்றவைத்துக்கொண்டால் அதுவே போலி இயர்போன், கால் வாட் போதும். ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் கட்டுகிற யாரும் முதலில் செய்துவைத்துக்கொள்ள வேண்டிய கருவி என்றே இதைச் சொல்வேன். மீட்டரின் கறுப்பு முனை ஜாக்கின் கிரவுண்டில் இருக்கட்டும். பேட்டரியின் மைனஸில் வைத்துவிடாதீர்கள், இந்தச் சர்க்யூட்டில் அது கிரவுண்ட் கிடையாது. சிவப்பு முனையால் 8ஆம் கால், 4ஆம் கால், பிறகு அவுட்புட்டான 1ஆம், 7ஆம் கால்களைப் பாருங்கள். இதில் ஒரு ஆபத்து உண்டு. 7ம் 8ம் பக்கத்துப் பக்கத்துக் கால்கள். முனை வழுக்கினால் பேட்டரியின் பிளஸ் நேராக அவுட்புட்டுக்குப் போய்விடும். அதனால் ஐசியின் காலைத் தொடாமல், அந்தக் காலோடு சேர்ந்த ரெசிஸ்டரின் கம்பியைத் தொடுங்கள்.

போலி இயர்போன் இல்லாமல் ஒருமுறை, மாட்டி ஒருமுறை. முதல் சுற்றில் 4.5, 4.5 வந்து, இரண்டாவது சுற்றில் 8, 1 என்கிற மாதிரி விலகினால் மேலே சொன்ன நோய்தான். 1லும் 7லும் முதல் சுற்றிலேயே 200 மில்லிவோல்ட் பக்கம் காட்டும், மறுபேச்சே வேண்டாம். என் கணக்கில் அவுட்புட்டில் 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 50-ஐத் தாண்டினால் நல்ல ஹெட்போனை அதில் மாட்ட மாட்டேன்.

சரிசெய்ய எளிய வழி ஓபிஏ2134-ஐத் தேடி வாங்குவது. ஐசி பேஸ் (ஐசியைச் செருகிக் கழற்றும் சாக்கெட்) போட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறினால் கிடைக்கலாம், இல்லாவிட்டால் ஆன்லைனில் பெரிய பாகக் கடைகளில் வாங்குங்கள். மேலே உள்ள பெயரைச் சுரண்டி வேறு பெயர் அச்சடித்த ஐசிகள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. ஓபிஏ2134 என்று எழுதியிருந்தும் அவுட்புட்டில் 200 மில்லிவோல்ட் காட்டினால், உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறு ஏதோ பைபோலார் ஐசி. இந்தச் சர்க்யூட்டே போலியைக் காட்டிக்கொடுக்கும் சோதனைக் கருவி ஆகிவிடுகிறது, அது ஒரு லாபம்.

5532-ஐயே வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் சர்க்யூட்டை அதற்கேற்ப மாற்றுங்கள். 100 கிலோ ஓமை 10 கிலோ ஓமாக்குங்கள், கூடவே இன்புட் கெப்பாசிட்டரை 0.1 மைக்ரோஃபாரடிலிருந்து 1 மைக்ரோஃபாரடாக்குங்கள், இல்லாவிட்டால் பாட்டின் தாழ்ந்த ஒலிகள் காணாமல் போகும். (இரண்டு ஜோடிக்கும் கட்-ஆஃப், அதாவது அதற்குக் கீழே ஒலி குறையும் எல்லை, ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ்தான்.) அதோடு கிரவுண்டுக்குப் போகும் 1 கிலோ ஓமோடு தொடராக 47 மைக்ரோஃபாரட் ஒன்றைச் சேருங்கள். டிசி அந்த வழியே போக முடியாததால் டிசி கெய்ன் 11லிருந்து 1 ஆகிவிடும். பாட்டுக்கு அது பழையபடி 11தான், சுமார் 3.4 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் குறையும். இந்தக் கெப்பாசிட்டரின் குறுக்கே இருப்பது சில மில்லிவோல்ட்தான் என்பதால் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் பாதகமில்லை. இன்னும் ஒரு நன்மை: இப்போது இரண்டு இன்புட் கால்களும் டிசிக்கு 10 கிலோ ஓமைத்தான் பார்க்கின்றன, ஆகவே பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு கழித்துக்கொள்ளும். சப்ளை வோல்ட்டேஜ் பற்றாக்குறை மட்டும் அப்படியே நிற்கும்.

கிரவுண்டையே பலப்படுத்தும் வழியும் உண்டு. டிஎல்இ2426 என்று ஒரு மூன்று கால் பாகம் இந்த வேலைக்கென்றே வருகிறது, சப்ளையை நடுவில் பிளந்து 20 மில்லியாம்பியர் வரை கொடுக்கும், வாங்கும். 4.7 கிலோ ஓம் ஜோடியை எடுத்துவிட்டு அதைப் போடலாம், கால் வரிசையை டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் இதை முதலில் செய்யாதீர்கள் என்பேன். கிரவுண்ட் அசையாமல் நிற்கும், அதனால் அந்த 220 மில்லிவோல்ட் முழுவதும் இயர்போன் சுருளில் நிரந்தரமாக ஏறும். கரகரப்பு அடங்கியதும் நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆஃப்செட்டைக் குறைத்த பிறகு இதைச் செய்தால் அருமை. 4.7 கிலோவுக்குப் பதில் 470 ஓம் போட்டுக் கிரவுண்டைப் பலப்படுத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். போடலாம், பாட்டே இல்லாமல் அந்த ஜோடி மட்டும் 10 மில்லியாம்பியரைக் குடித்துக்கொண்டிருக்கும்.

பேட்டரிக்கு வருகிறேன். 470 ஓம் எல்இடியில் ஓடுவது கிட்டத்தட்ட 15 மில்லியாம்பியர் (9 வோல்ட்டில் எல்இடிக்கு 2 போக மீதி 7). ஐசி சும்மா இருக்கையில் 8 மில்லியாம்பியர், கிரவுண்ட் ஜோடி 1. ஆக, பாட்டுப் பாடும் ஐசியைவிட விளக்கு இரண்டு மடங்கு சாப்பிடுகிறது. அதை 10 கிலோ ஓமாக்குங்கள். 0.7 மில்லியாம்பியரில் இன்றைய எல்இடிகள் இருட்டில் கண்ணில் குத்தும் அளவுக்கே எரிகின்றன. எல்இடியின் மறுமுனை பேட்டரி மைனஸுக்குத்தான் போக வேண்டும், நடுக் கிரவுண்டுக்குப் போகக் கூடாது. கிரவுண்டுக்குக் கொடுத்தால் 1 கிலோ ஓம் எல்இடி ரெசிஸ்டர்கூட கிரவுண்டை 1.75 வோல்ட் தள்ளிவிடும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, முதல் அளவே சமமாக வந்திருக்கிறது.

பேட்டரி உறையில் 6எஃப்22 என்று போட்டிருந்தால் அது சாதாரண ஜிங்க்-கார்பன். மீட்டருக்குப் போதும், இதற்குப் போதாது. 6எல்ஆர்61 என்பது ஆல்கலைன், அதை வாங்குங்கள். ரீசார்ஜ் பேட்டரி என்றால் உள்ளே எத்தனை செல் என்று பாருங்கள். 9 வோல்ட் வடிவத்தில் விற்கும் நிக்கல் வகைகளில் ஆறு செல் இருந்தால் 7.2, ஏழு இருந்தால் 8.4 வோல்ட்தான். 5532-க்கு அது இன்னும் மோசம்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதே டப்பாவை வைத்துக்கொண்டு வேறு குறைகளோடு திண்டாடுபவர்களுக்காக, அடிக்கடி பார்க்கும் சிலவற்றையும் எழுதுகிறேன்.

இயர்போன் மாட்டாதபோதே 4.5, 4.5 சமமாக இல்லையென்றால், முதலில் அந்த இரண்டு 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களின் திசையைப் பாருங்கள். மேலே (பேட்டரி பிளஸ் பக்கம்) உள்ளதன் மைனஸ் கிரவுண்டில். கீழே உள்ளதன் பிளஸ்தான் கிரவுண்டில், மைனஸ் பேட்டரி மைனஸில். மைனஸ் என்றால் கிரவுண்ட் என்ற பழக்கத்தில் இரண்டையும் ஒரே மாதிரி போட்டுவிடுவார்கள். தலைகீழாக இருப்பது கசிந்து கிரவுண்டை இழுக்கும், உப்பவும் செய்யும். தகர டப்பா இன்னொரு சந்தேக நபர். உலோகக் கழுத்துள்ள ஜாக்கை டப்பாவில் நட்டுப் போட்டு இறுக்கினால் டப்பாவே நடுக் கிரவுண்ட் ஆகிவிடும். அதன்பின் பேட்டரி கிளிப்போ, போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மைனஸ் கம்பியோ தகரத்தில் பட்டால் கிரவுண்டும் மைனஸும் ஷார்ட். மூடியைத் திறந்தால் பாடுகிறது, மூடினால் உடைகிறது என்பார்கள், காரணம் இதுதான். போர்டுக்குக் கீழே ஒரு அட்டையோ இன்சுலேஷன் டேப்போ போதும். இதே ஷார்ட் அடாப்டர் வழியாகவும் வரும்: ஆம்ப்ளிஃபையருக்கும் பாட்டு வரும் கருவிக்கும் ஒரே சப்ளையிலிருந்து கரண்ட் கொடுத்தால், அந்தப் பக்கத்துக் கிரவுண்ட் மைனஸாக இருக்கும், இந்தப் பக்கத்துக் கிரவுண்ட் நடுவாக இருக்கும், ஆடியோ கேபிள் இரண்டையும் கோர்த்துவிடும். சிமோயைப் பேட்டரியிலேயே ஓட்டுவது நல்லது.

ஒரு சேனல் மட்டும் தெளிவாக, ஆனால் மிக மெதுவாகக் கேட்டால், அந்தப் பக்கத்து 1 கிலோ ஓமின் பாதை அறுந்திருக்கிறது. கெய்ன் 11லிருந்து 1 ஆகிவிட்டது. மாறாக 10 கிலோ ஓம் அறுந்தால் அவுட்புட் ஏதாவது ஒரு கோடியில் போய் ஒட்டும், சில வோல்ட் டிசி இயர்போனில் ஏறும். அது ஆபத்து. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் டிரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத பற்றவைப்புதான். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரில் 1 கிலோவுக்கும் 10 கிலோவுக்கும் நிறக்கோட்டில் வித்தியாசம் நான்காவதான பெருக்கல் கோடு மட்டும், பழுப்பா சிவப்பா என்பது டியூப்லைட் வெளிச்சத்தில் பிடிபடாது. மாட்டும் முன் மீட்டரில் அளந்துவிடுவதே வழி.

போட்டதும் நன்றாகப் பாடி, சிறிது நேரம் கழித்துத் தானாக உடைய ஆரம்பிக்கிறதா? இது என்னை எப்போதும் வசீகரிக்கும் கோளாறு. இன்புட்டின் 100 கிலோ ஓம் கிரவுண்டைத் தொடவில்லை. ஓபிஏ2134 இழுக்கும் பிகோஆம்பியருக்குப் போக வழியில்லாமல், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் துளித்துளியாகச் சார்ஜ் ஆகி, இன்புட் மெல்ல நகர்கிறது. அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி கொஞ்ச நேரம் நல்ல பிள்ளை.

பின்னணி இசையெல்லாம் கேட்டு, பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள் போனதுபோல் காணாமல் போனால், ஹெட்போன் ஜாக்கின் கிரவுண்ட் கம்பி விட்டுப்போயிருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாகப் பதிவான குரல் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. கரோக்கி வேண்டுமென்றால் அப்படியே விட்டுவிடலாம். மைக் உள்ள நான்கு வளைய பிளக்கும் சில ஜாக்குகளில் இதே வித்தையைக் காட்டும்.

ஐசி சூடாகிறது, பாட்டே இல்லாமல் 20 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கிறது, போர்டுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் இரைச்சல் மாறுகிறது என்றால் ஆசிலேஷன். காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஐசி தானாகக் கத்திக்கொண்டிருக்கிறது. 4ஆம், 8ஆம் கால்களுக்கு நடுவே, ஐசியை ஒட்டி, ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக். அவுட்புட்டில் 47 ஓம் தொடராக. ஃபீட்பேக் ரெசிஸ்டரின் (அந்த 10 கிலோ ஓம்) கம்பிகளைக் குட்டையாக்குங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆன் செய்யும்போது ஒரு ‘டப்’ வருவது குறை இல்லை. நடுக் கிரவுண்ட் நிலைக்க ஒரு நொடி ஆகும், சுவிட்ச் போட்ட பிறகு இயர்போனை மாட்டுங்கள். வால்யூமைத் துளி திருப்பியதும் ஒரு காதில் மட்டும் கேட்பதும் மலிவான இரட்டை வால்யூம் கண்ட்ரோலின் சுபாவம். அதற்கு மருந்து கெய்னைக் குறைப்பது. இன்றைய ஃபோன்கள் முழு வால்யூமில் 1 வோல்ட் பக்கம் கொடுத்தால் உச்சம் 1.4, 11 மடங்கு 15 வோல்ட்டைத் தாண்டும், நம்மிடம் இருப்பது 4.5. 10 கிலோ ஓமை 2.2 கிலோ ஓமாக மாற்றினால் கெய்ன் 3.2. 32 ஓம் இயர்போனுக்கு அதுவே தாராளம், ஆஃப்செட்டும் அந்த விகிதத்தில் இறங்கும். இதை நீங்களும் செய்துவிடுங்கள்.

மாற்றங்களைச் செய்த பிறகும் கரகரத்தால் ஆறு அளவுகளை எழுதி அனுப்புங்கள்: பேட்டரி வோல்ட்டேஜ், 8ஆம் கால், 4ஆம் கால், 1ஆம் கால், 7ஆம் கால், மொத்த மின்னோட்டம். ஒவ்வொன்றும் போலி இயர்போன் இல்லாமல் ஒன்று, மாட்டி ஒன்று. போர்டின் அடிப்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.